ஆஸ்பத்திரி வரிசையில் பாதியில் திரும்பாதீங்க!



குழுக் கூட்டத்தில் உடல்நலம் பற்றிப் பேச்சு எடுத்தால், முதுநகர் பக்கமானாலும் சிதம்பரம் பக்கமானாலும் ஒரே மாதிரியான பதில்கள்தான் வருகின்றன. "ஆஸ்பத்திரிக்குப் போனா அன்னைக்குப் பொழப்பு போச்சு." "உட்கார்ந்து உட்கார்ந்து இருந்த வலியோட இடுப்பு வலியும் சேர்ந்துக்கிச்சு." "புள்ள ஸ்கூல் விட்டு வர்ற நேரமாச்சு, எழுந்து வந்துட்டேன்."

இதில் கடைசியாகச் சொன்ன பதில்தான் கவலை தருகிறது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சாயந்தரம் வரை காத்திருக்கிறோம். வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலி என்றால் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறோம். நமக்கு என்று வரும்போது மட்டும் பாதியில் எழுந்து வந்துவிடுகிறோம். அப்படி வந்தவர்களில் எத்தனை பேர் மறுநாள் மறுபடி போகிறோம்? "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். அது மாதக் கணக்கில் போய்விடுகிறது.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்பத்தில் வலிக்காத நோய்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் ஆரம்பத்தில் வலி தருவதில்லை. வலி இல்லாததால் தள்ளிப் போடுகிறோம். வலி வரும்போது நோய் முற்றியிருக்கும். எனவே ஆஸ்பத்திரியில் காத்திருப்பது எப்படி என்பதையும், சேமிப்பு, கடன், சந்தா போல நாம் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஏன் இவ்வளவு நேரம் ஆகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓ.பி.யில் இரண்டு டாக்டர்கள் இருக்கிறார்கள், ஒருவரைப் பார்க்க 5 நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மணி நேரத்தில் 24 பேரைப் பார்க்கலாம். காலை 8 மணிக்கே 100 பேர் வந்துவிட்டால், கடைசியில் நிற்பவர் உள்ளே போக 12 மணியைத் தாண்டிவிடும். அதே 100 பேர் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருந்தால் யாரும் அவ்வளவு நேரம் உட்கார வேண்டியதில்லை. தண்ணி லாரி வந்ததும் தெருவே குடத்தோடு ஓடுவது போலத்தான் இதுவும். எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதே வரிசை நீளப் பாதிக் காரணம்.

பொதுவாக ஞாயிறு முடிந்து வரும் திங்கட்கிழமையும், பண்டிகை விடுமுறைக்கு மறுநாளும் கூட்டம் அதிகம். அவசரமில்லாத மறுபரிசோதனையை அந்த நாட்களில் வைத்துக்கொள்ளாதீர்கள். எந்த நாள், எத்தனை மணிக்குக் கூட்டம் குறையும் என்று அங்கே இருக்கும் சிஸ்டரிடமே கேட்கலாம். அவர்களுக்குத் தெரியாததா?

இன்னொரு காரணமும் உண்டு. நமக்குப் பின்னால் வந்தவரை முன்னால் கூப்பிட்டுவிட்டார்கள் என்று சண்டை போடுகிறோம் அல்லவா? அவசர சிகிச்சையில் முதலில் வந்தவருக்கு முதலிடம் என்ற கணக்கு கிடையாது. உயிருக்கு ஆபத்தில் இருப்பவருக்குத்தான் முதலிடம். நெப்போலியனின் படையில் இருந்த லாரே என்ற பிரெஞ்சு மருத்துவர் 200 வருஷத்துக்கு முன்பே போர்க்களத்தில் இதை நடைமுறைப்படுத்தினார். தளபதியா சிப்பாயா என்று பார்க்காமல், யாருடைய காயம் மோசமோ அவருக்கு முதலில் வைத்தியம் பார்த்தார். இன்று நம் அரசு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கிறார்கள். பச்சையில் இருப்பவர் காத்திருக்க வேண்டிவரும். ஒருவிதத்தில் அது நல்ல செய்தி, நம் உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்று அர்த்தம்.

அதே சமயம், காசு வாங்கிக்கொண்டு யாராவது வரிசையில் முந்த வைத்தால் அது வேறு விஷயம். பணம் கொடுக்காதீர்கள். ஆர்.எம்.ஓ. என்று சொல்லும் நிலைய மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள்.

ஒரு வரிசை இல்லை, ஐந்து வரிசை

"டாக்டரைப் பார்க்கப் போறேன்" என்றுதான் கிளம்புகிறோம். ஆனால் பெரிய ஆஸ்பத்திரியில் நாம் நிற்பது ஐந்து இடத்தில். ஒவ்வொன்றிலும் நேரம் மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது.

1. சீட்டு போடும் இடம். பழைய ஓ.பி. சீட்டு, ஆதார், ரேஷன் கார்டு கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். சில மருத்துவமனைகளில் சுவரில் ஒரு கட்டம் போட்ட படம் ஒட்டியிருப்பார்கள். ஆபா என்னும் சுகாதார அட்டை எண் எடுத்தவர்கள் செல்போனால் அதைப் படம் பிடித்தால் டோக்கன் வந்துவிடும். 2022இல் வந்த வசதி இது. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். "என்ன பிரச்சனை?" என்று சீட்டு போடுகிறவர் எல்லோர் முன்னாலும் கேட்பார். வெள்ளைப்படுதல், மார்பில் கட்டி என்று அங்கே விவரமாகச் சொல்லக் கூச்சமாக இருந்தால், "பெண்கள் சம்பந்தமான பிரச்சனை" என்று சொன்னால் போதும். மகளிர் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். வெட்கப்பட்டு "தலைவலி" என்று சொன்னால் தப்பான வரிசையில் இரண்டு மணி நேரம் போய்விடும்.

2. டாக்டர் அறை. இங்கே காத்திருப்பது மணிக்கணக்கில், பேசுவது சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தை வீணாக்காமல் இருப்பது நம் கையில். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

3. ரத்தம், சிறுநீர், ஸ்கேன். ரத்தம் எடுக்கும் இடத்தைப் பல ஊர்களில் ஓ.பி. முடியும் முன்பே மூடிவிடுவார்கள். "டெஸ்ட் எங்கே, எத்தனை மணி வரைக்கும்?" என்று டாக்டர் அறையை விட்டு வெளியே வரும்போதே சிஸ்டரிடம் கேளுங்கள்.

4. ரிசல்ட் காட்டுவது. பாதிப் பேர் திரும்பிவிடுவது இந்த இடத்தில்தான். ரத்தம் கொடுத்தாச்சு, வேலை முடிஞ்சுது என்று வந்துவிடுகிறோம். ரிசல்ட்டை டாக்டர் பார்க்காவிட்டால் ரத்தம் கொடுத்ததில் ஒரு பிரயோஜனமும் இல்லை. ரிசல்ட் எப்போது வரும், இன்றே காட்டலாமா, எந்த அறையில், திரும்பவும் சீட்டு போட வேண்டுமா? இந்த நான்கு கேள்வியையும் கேட்டுவிடுங்கள். அடுத்த முறைக்கு எந்த டெஸ்ட் தேவை என்பதை இன்றைக்கே எழுதித் தரச் சொல்லலாம். அதை நம்ம ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் முன்கூட்டியே எடுத்து ரிசல்ட்டோடு போனால் ஒரு நாள் மிச்சம்.

5. மாத்திரை கவுண்டர். வாங்கியதும் அங்கேயே எண்ணிப் பாருங்கள். எது காலை, எது ராத்திரி, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று கேட்டுக்கொண்டு நகருங்கள். வீட்டுக்கு வந்து சந்தேகம் வந்தால் மறுபடி ஒரு வரிசை.

வேலையைப் பிரித்துக்கொண்டால் வரிசை குறையும்

கடலூரிலிருந்து புதுச்சேரி போகிற வழியில் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்த்திருப்பீர்கள். 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய நிறுவனத்தின் கிளை அது. அங்கே போனவர்களுக்குத் தெரியும். டாக்டரைப் பார்க்கும் முன்பே பார்வை சோதிப்பது, கண் அழுத்தம் பார்ப்பது போன்ற வேலைகளைச் சீருடைப் பெண்கள் முடித்துவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்றவர்கள். எல்லா விவரமும் எழுதிய சீட்டு கையில் வந்துவிடுவதால் டாக்டர் பார்த்து முடிவு மட்டும் சொல்கிறார். ஒரே நாளில் நிறையப் பேரைப் பார்க்க முடிவது இதனால்தான்.

நம் ஊர் ஆஸ்பத்திரியை நாம் மாற்ற முடியாமல் இருக்கலாம். ஆனால் நம் சீட்டை நாமே தயார் செய்துகொண்டு போகலாமே! ஒரு துண்டுத்தாளில் ஐந்து வரி எழுதுங்கள், அல்லது பிள்ளையை எழுதச் சொல்லுங்கள்.

- என்ன தொந்தரவு, எத்தனை நாளாக?
- எப்போது அதிகமாகிறது? (வேலை செய்யும்போதா, ராத்திரியா, சாப்பிட்டதுமா?)
- இப்போது சாப்பிடும் மாத்திரைகள். பெயர் தெரியாவிட்டால் அட்டையோடு எடுத்துப் போங்கள்.
- எந்த ஊசி, மருந்து ஒத்துக்கொள்ளாது?
- கடைசியாக மாதவிடாய் வந்த தேதி.

டாக்டரிடம் முதல் வார்த்தையிலேயே பெரிய தொந்தரவைச் சொல்லுங்கள். கால் வலியில் ஆரம்பித்து, கதவருகே போன பிறகு "மார்ல ஒரு கட்டி இருக்குங்க" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. அந்தக் கட்டிதான் முதலில் சொல்ல வேண்டியது. மாதவிடாய் நின்றுபோன பிறகு ரத்தம் படுவது, உறவுக்குப் பிறகு ரத்தம் படுவது, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், ஆறாத புண் இவையும் அப்படித்தான்.

காத்திருக்கும் நேரத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்வது

வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்கச் சொன்னால் முந்தின ராத்திரி சாப்பிட்ட பிறகு 8 முதல் 10 மணி நேரம் சாப்பிடக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை மாத்திரையும் இன்சுலின் ஊசியும் ரத்தம் கொடுத்த பிறகு, சாப்பாடு கையில் இருக்கும்போதுதான். மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினியாக வரிசையில் உட்கார்ந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், தலை சுற்றல், அகோரப் பசி இவை வந்தால் வரிசை போய்விடுமே என்று பார்க்காதீர்கள். மூன்று ஸ்பூன் சர்க்கரையை உடனே வாயில் போட்டுக்கொண்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரை பையில் எப்போதும் இருக்கட்டும். நாலு இட்லி கட்டிக்கொண்டு போனால் ரத்தம் கொடுத்ததும் சாப்பிடலாம். சாப்பிட்ட பிறகு பார்க்கும் டெஸ்ட்டுக்கு, சாப்பிட ஆரம்பித்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் கணக்கு.

ரத்த அழுத்த மாத்திரை அப்படியில்லை. "இன்னைக்கு டாக்டரைப் பார்க்கிறோமே" என்று அதை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தவிர, வழக்கம்போல் போட்டுக்கொள்ளுங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடி வந்து உடனே கையை நீட்டினால் அழுத்தம் கூடுதலாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் டீ, காபி வேண்டாம். சிறுநீரை அடக்கிக்கொண்டு அளந்தாலும் அளவு கூடும். இந்த விஷயத்தில் காத்திருப்பது நமக்கு நல்லதே செய்கிறது.

கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது நம் பெண்களிடம் உள்ள பெரிய பழக்கம். சிறுநீர்த் தொற்று அப்படித்தான் வருகிறது. ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போய் குடியுங்கள். போகும்போது பக்கத்தில் இருப்பவரிடம், "அக்கா, எனக்கு அடுத்த நம்பர், கூப்பிட்டா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போங்கள். கர்ப்பிணிகள் நின்றுகொண்டே இருக்காதீர்கள். உட்கார இடம் கேளுங்கள், காலைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளுங்கள்.

நோயில்லாத குழந்தையைக் கூட்டத்துக்குள் அழைத்துப் போவதைத் தவிருங்கள். இருமல் உள்ளவர் துணியால் வாயை மூடி, ஜன்னல் ஓரமாக உட்காருவது எல்லோருக்கும் நல்லது.

மனசு விஷயமும் ஒன்று இருக்கிறது. டேவிட் மைஸ்டர் என்ற நிர்வாக அறிஞர் 1985இல் வரிசையில் நிற்பவர்களின் மனநிலையைப் பற்றி எழுதினார். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும். சும்மா இருந்தால் நீளும். தனியாக இருந்தால் இன்னும் நீளும். பயம் இருந்தால் எல்லாவற்றையும்விட நீளும். நமக்கும் இது அனுபவம்தானே? எனவே உட்கார்ந்ததும், "எனக்கு முன்னால் எத்தனை பேர்?" என்று கேட்டுவிடுங்கள். பூ கட்டுவதோ, வயர் கூடை பின்னுவதோ கையில் ஒரு வேலை இருக்கட்டும். முடிந்தால் துணைக்கு ஒருவர் வரட்டும்.

காத்திருக்கவே கூடாத நேரம்

இவ்வளவு நேரம் பொறுமையைப் பற்றிச் சொன்னேன். ஆனால் கீழே உள்ளவற்றில் எது இருந்தாலும் ஓ.பி. வரிசையில் உட்காராதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்ச் சத்தமாகச் சொல்லுங்கள். வீட்டில் இருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். பணம் கிடையாது.

- நெஞ்சை அழுத்துகிற வலி, மூச்சுத் திணறல்.
- முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை திடீரென்று தொங்குவது, பேச்சு குழறுவது. இது பக்கவாதம். ரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதனால் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.
- கர்ப்பிணிக்கு ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல்.
- பிரசவத்துக்குப் பிறகு துணி நனைந்துகொண்டே இருக்கும் ரத்தப்போக்கு.
- குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, வலிப்பு, வயிற்றுப்போக்கில் கண் குழிந்துபோவது.
- பாம்புக்கடி. கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் உடனே கொண்டு போங்கள்.

காத்திருக்கும்போதே இதில் ஏதாவது ஒன்று ஆரம்பித்தாலும் இதே விதிதான். "நம்ம நம்பர் வரட்டும்" என்று இருந்துவிடாதீர்கள்.

வரிசைக்கே போகாமல் முடியுமா?

பல வேலைகளுக்கு முடியும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பதையும் மாத்திரை கொடுப்பதையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்த திட்டம் அது. அதில் வேலை செய்ய எடுக்கப்பட்ட பெண் தன்னார்வலர்கள் நம்மைப் போன்ற சுய உதவிக்குழு உறுப்பினர்கள்தான்! மாத்திரைக்காக மட்டும் மாதாமாதம் பெரிய ஆஸ்பத்திரி போகிறவர்கள், வீட்டிலேயே கிடைக்க வழி உண்டா என்று துணை சுகாதார நிலைய சிஸ்டரிடம் கேளுங்கள். போக வேண்டுமா, வேண்டாமா என்று சந்தேகமாக இருந்தால் 104க்குப் போன் செய்து ஆலோசனை கேட்கலாம். சளி, காய்ச்சல், சாதாரணப் புண், கர்ப்பகாலப் பரிசோதனை எல்லாவற்றுக்கும் முதலில் ஆரம்ப சுகாதார நிலையம். அங்கே முடியாவிட்டால் அவர்களே கடிதம் கொடுத்து அனுப்புவார்கள்.

பெரிய இடம் போகத்தான் வேண்டும் என்றால் விசாரித்துவிட்டுப் போங்கள். அண்ணாமலை நகர் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021இல் கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாக மாறிவிட்டது. பழைய பெயரை நினைத்து, காசு கேட்பார்கள் என்று தயங்க வேண்டாம். ஜிப்மர் மத்திய அரசு மருத்துவமனை. தமிழ்நாட்டு விடுமுறையும் அங்கே விடும் விடுமுறையும் ஒன்றல்ல. சில சிறப்புப் பிரிவுகளுக்குக் குறிப்பிட்ட நாள் உண்டு. நாள் தெரியாமல் விடியற்காலையில் பஸ் ஏறிப் போய் ஏமாந்து திரும்பினால் பஸ் காசும் கூலியும் நஷ்டம்.

குழு என்ன செய்யலாம்?

ஒருத்தி தனியாகப் போனால் பாதியில் திரும்பத்தான் தோன்றும். பிள்ளையை யார் அழைத்து வருவது, மீன் கூடையை யார் பார்ப்பது என்ற கவலைதான் அவரை எழுப்பி விடுகிறது. எனவே இது குழு எடுத்துச் செய்ய வேண்டிய வேலை.

- யார் எந்தத் தேதியில் ஆஸ்பத்திரி போக வேண்டும் என்று மாதக் கூட்டத்தில் கேட்டு நோட்டில் எழுதுங்கள்.
- ஒரே இடத்துக்குப் போகிறவர்கள் இரண்டிரண்டு பேராகப் போங்கள். ஒருவர் மாத்திரை வரிசையில் நின்றால் மற்றவர் ரிசல்ட் வாங்கலாம்.
- அன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரவும், மாட்டுக்குத் தண்ணி காட்டவும் இன்னொரு உறுப்பினர் பொறுப்பு. அடுத்த மாதம் அவருக்கு நாம்.
- கூலி போவதால் போகாமல் இருப்பவருக்கு உள்கடனில் சிறு தொகையை மருத்துவத்துக்கு என்று முன்னுரிமையாகக் கொடுக்கத் தீர்மானம் போடலாம்.
- போய் வந்தவர் அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் சொல்ல வேண்டும்: எந்த அறை, எந்த நாள், எத்தனை மணிக்குக் கூட்டம் குறைவு என்று. நோயைச் சொல்ல விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம். வழியை மட்டும் சொன்னால் போதும்.

ஒரு நாள் கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், பாதியில் திரும்பி மூன்று முறை போனால் 1200 ரூபாய் போகிறது, வைத்தியமும் ஆகவில்லை. ஒரே முறை இருந்து முடித்தால் 400 ரூபாயோடு போகும்.

வரும் மாதக் கூட்டத்தில் ஊக்குநர்கள் இந்த இரண்டு கேள்வியைக் கேட்டு, பதிலைக் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள்.

1. நம் குழுவில் டாக்டர் வரச் சொல்லியும் போகாமல் இருப்பவர்கள் எத்தனை பேர்? என்ன காரணம்?
2. அவர்களில் இந்த மாதம் யாரோடு யார் துணைக்குப் போகிறார்கள்? எந்தத் தேதி?

— களப்பணி ஒருங்கிணைப்பாளர்